காற்று வரும் வழி

பொன்மலை இரயில்வே பணிமனையில் நாற்பது ஆண்டுகள் பணியாற்றி 2014ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன் நான். நீராவி எஞ்சின்களின் கொதிகலன் பிரிவில்தான் தொழில் கற்றேன். கசிவு என்பது எங்களுக்குப் பகை. ரிவெட் தலையின் ஓரத்தில் ஊசிமுனையளவு ஈரம் தென்பட்டாலும், அதை அடைக்கும்வரை எங்கள் மிஸ்திரி எங்களை உணவருந்த விடமாட்டார். நீர் அழுத்தச் சோதனையின்போது கையில் விளக்கோடு கொதிகலனைச் சுற்றி நடந்து, வியர்க்கும் இடங்களையெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிடுவோம். அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பின்னும் என்னை விடவில்லை. வீட்டுக் குழாயோ, மாடித் தளமோ, சன்னற் கதவோ, ஒழுக்கு என்று சொல்லிவிட்டால் போதும், என் கை தானாக எழும். என் மனைவி உயிரோடிருந்த நாளில், "இவர் மழையைக்கூட அடைத்துவிடுவார்" என்று கேலி செய்வாள்.

அந்தக் கை செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் இங்கே எழுத முனைகிறேன். எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

2022ஆம் ஆண்டு அக்டோபரில் என் மகனின் இல்லத்திற்குச் சென்றேன். அமெரிக்காவின் நடுப்பகுதியில், கான்சஸ் மாநிலத்தில், விச்சிட்டா என்ற நகரில் அவன் வசிக்கிறான். கோதுமை வயல்களும் ஓயாத காற்றும் கொண்ட சமவெளி அது. உலக விமானங்களின் தலைநகரம் என்று அவ்வூரார் தங்கள் ஊரை அழைக்கின்றனர், வீண் பெருமையன்று. உழவுத் தொழிலிலிருந்து வந்த கிளைடு செஸ்னா என்பவர் 1927இல் தம் பெயரால் நிறுவிய விமானத் தொழிற்சாலை அங்கேதான் எழுந்தது. அத்தொழிற்சாலை 1956இல் சந்தைக்குக் கொணர்ந்த செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானம், 44,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டுள்ளது. உலகில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

அவற்றுள் ஒன்றை என் மகனும் அவனுடைய அலுவலக நண்பர்கள் மூவரும் கூட்டாக வாங்கி வைத்திருந்தனர். 1974ஆம் ஆண்டில் செய்யப்பட்டது என்று மகன் சொன்னபோது எனக்குள் ஓர் உவகை எழுந்தது. நான் பணிமனையில் பயிலுநராகச் சேர்ந்த ஆண்டும் அதுவே. நகருக்கு வெளியே ஒரு சிறு விமானத் திடலில், தகரக் கொட்டகையொன்றில் அது நின்றது. இறக்கை மேலே, சக்கரம் கீழே, முன்புறம் 150 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். தகட்டின் மேல் தகடு வைத்து ரிவெட் அடித்த அந்த உடலை விரலால் தடவிப் பார்த்தேன். தகடு இரும்பன்று, அலுமினியம். கனமும் மிகக் குறைவு. ஆயினும் வேலை எனக்குத் தெரிந்த வேலை. அந்நிய நாட்டில் முதன்முதலாக எனக்கு அறிமுகமான ஒரு முகத்தைக் கண்டதுபோல் இருந்தது.

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மகன் என்னையும் ஒன்பது வயதுப் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு அரைமணி நேரம் வானில் சுற்றி வந்தான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் குளிர்! கதவின் ஓரங்களில் காற்று சீழ்க்கையடித்தது. காலடியிலிருந்து பனிக்கத்தி போல ஒன்று முழங்கால்வரை ஏறியது. கண்ணாடியின் மேல் மூலைகளில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில், வெளிக்காற்றை உள்ளே விடுவதற்கென்றே இரண்டு சிறு குழாய்கள் இருந்தன. மூடித் தள்ளினாலும் அவை முழுவதும் மூடிக்கொள்ளவில்லை. இறங்கியபோது பேத்தியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "தாத்தா, இந்த ஏரோப்பிளேன் முழுக்க ஓட்டை" என்றாள்.

வேறென்ன வேண்டும் எனக்கு?

ஓர் உண்மையை இங்கே சொல்லிவிட வேண்டும். நாம் பயணம் செய்யும் பெரிய விமானங்கள் உயரே பறப்பதால், அவற்றின் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். அங்கே கசிவு உயிர்ப்பிரச்சினை. இந்தச் சிறு விமானத்தில் அப்படி அழுத்தம் எதுவும் இல்லை. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே காற்று. ஆகவே மழை நீரும் குளிரும் இரைச்சலும் வராமல் தடுப்பதற்கே அடைப்பு வேலை என்று நான் கருதினேன். என் மகனும் அதற்குமேல் யோசிக்கவில்லை. விமானத்தின் உரிமையாளர் தாமே விமானியாக இருந்தால், சிறு பராமரிப்பு வேலைகள் சிலவற்றைத் தம் கையாலேயே செய்துகொள்ள அந்நாட்டு விதிகள் இடமளிக்கின்றன. அவன் அலுவலக வேலையில் மூழ்கியிருந்தான். கொட்டகையின் சாவியை என்னிடம் கொடுத்து, "அப்பா, உங்களுக்குத் தெரியாததா? பார்த்துச் செய்யுங்கள்" என்றான். அந்தச் சொல்லை நான் ஒரு பட்டமாகவே வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரங்கள் வேலை செய்தேன். கதவுகளில் காய்ந்து வெடித்திருந்த ரப்பர்ப் பட்டைகளை உரித்துப் புதியவற்றை ஒட்டினேன். கடையில் கிடைத்த சிலிக்கோன் பசைக் குழாய்கள் ஆறு வாங்கிவந்தேன். பிழிந்தால் வினாகிரி வாடை வீசும் வகை. வீட்டுக் குளியலறையில் ஓரம் பூசுவார்களே, அதேதான். இறக்கை சேரும் இடுக்குகளில் அதைப் பூசினேன். கம்பளத்தைத் தூக்கினால் தரையில் வட்டமாகவும் நீள்சதுரமாகவும் மூடித்தகடுகள் இருந்தன. உள்ளே ஓடும் கம்பிவடங்களையும் கப்பிகளையும் பார்ப்பதற்காக வைத்த தகடுகள் அவை. திருகைக் கழற்றி, விளிம்பு முழுவதும் பசை வைத்து, மீண்டும் திருகினேன். மேல் மூலையிலிருந்த காற்றுக் குழாய்களின் வாயைப் பசையும் நாடாவும் கொண்டு அடைத்தேன். பின்னர் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்து விளக்கடித்துப் பார்த்தபோது, பென்சில் நுழையும் அளவில் சில துளைகள் தென்பட்டன. எந்தத் திருகும் அங்கே இருந்த அடையாளமில்லை. யாரோ மறந்துபோன துளைகள் என்று முடிவு செய்து அவற்றையும் அடைத்தேன். அடைத்த இடத்தை விரலால் வழித்து, வரி தெரியாமல் மெருகேற்றினேன்.

மகன் வந்து பார்த்தான். "இனிமேல் தூசிகூட நுழையாது அப்பா" என்று என் தோளில் கைவைத்தான். அன்றிரவு எனக்கு நல்ல உறக்கம்.

2023 ஜனவரியில், வெயிலும் கடுங்குளிரும் சேர்ந்த ஒரு நாளில், நாங்கள் மூவரும் டாட்ஜ் சிட்டிக்குப் பறந்தோம். மேற்கே ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பயணம். பழங்காலத்து மாட்டிடையர்களின் ஊர் அது; பள்ளியில் அதைப் பற்றிப் படித்த பேத்தி பார்க்க வேண்டுமென்று அடம் பிடித்திருந்தாள். மருமகளுக்கு அன்று வேலை. வாசலில் நின்று, "மாமா, பாப்பாவுக்குக் கம்பளி போட்டுவிடுங்கள்" என்றாள். "கம்பளியே தேவைப்படாது அம்மா" என்று நான் பெருமையோடு சொன்னேன்.

தேவைப்படவில்லைதான். வெப்பக் கருவியைத் திறந்ததும் உட்புறம் அடுப்பங்கரை போல இதமாயிற்று. சீழ்க்கை இல்லை. காலடியில் குளிர் இல்லை. கீழே பனி மூடிய வயல்கள் கட்டங்கட்டமாக ஓடின. எனக்கு இலேசாகத் தலை கனத்தது. அதையும் மன நிறைவு என்றே எண்ணிக்கொண்டேன். பேத்தி பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னலில் சாய்ந்தாள். மகன் என்னிடம், "தண்ணீர்ப் புட்டி எங்கே அப்பா?" என்று கேட்டான். கொடுத்தேன். சற்று நேரம் கழித்து மீண்டும் அதையே கேட்டான். புட்டி அவன் மடியில் இருந்தது. இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் உடல் நடுங்குகிறது.

பிறகு பேத்தி கண்விழித்து, "அப்பா, ரொம்பச் சூடாக இருக்கிறது" என்று முனகினாள். மகன் வெப்பக் கருவியை மூடினான். இறங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்தப் பிள்ளையின் முனகல்தான் எங்கள் மூவரையும் தரையிறக்கியது என்று பின்னாளில் மருத்துவர் சொன்னார்.

விமானம் தரையை இருமுறை மோதித் துள்ளி நின்றது. கதவைத் திறந்ததும் பேத்தி ஓடிப்போய்ப் புல்லில் வாந்தியெடுத்தாள். பயண மயக்கம் என்றேன் நான். காலையில் உண்ட முட்டை என்றான் மகன். அவளோ வாயைத் துடைத்துக்கொண்டு, "தாத்தா, உங்களுக்கும் தலைவலியா? அப்பாவுக்கும் வலிக்கிறதாமே?" என்று கேட்டாள். மகன் அப்படியே நின்றுவிட்டான். விமானம் ஓட்டுகிறவனுக்கே பயண மயக்கம் வருவது அரிது; மூன்று பேருக்கும் ஒரே வேளையில் ஒரே தலைவலி எப்படி வரும்? அவன் திரும்பி விமானத்தினுள் எட்டிப் பார்த்தான். கருவிப் பலகையின் ஓரத்தில் ஒரு சிறு அட்டை ஒட்டியிருந்தது. நச்சுப் புகை பட்டால் நடுப்பொட்டு கறுத்துவிடும் வகை. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்த அட்டை, எப்போது ஒட்டப்பட்டதென்று நால்வரில் எவருக்கும் நினைவில்லை. பொட்டு வெளிறிப் போயிருந்தது.

அன்று மாலை மருத்துவமனையில் மூவரும் முகத்தில் பிராணவாயுக் கவசத்தோடு கிடந்தோம். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். சிறுவர்களை விரைவில் தாக்கும். மூவரிலும் பேத்தியின் இரத்தத்தில்தான் அளவு மிகுதி.

மகன் உறங்காமல் கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தான். பின்பு எனக்கும் காட்டினான். 2019 ஜனவரி 21ஆம் நாள் இரவு, எமிலியானோ சாலா என்ற அர்ஜென்டினக் கால்பந்து வீரரைப் பிரான்சிலிருந்து வேல்சுக்கு ஏற்றிச் சென்ற ஒற்றை எஞ்சின் விமானம் ஆங்கிலக் கால்வாயில் வீழ்ந்தது. அவருடைய இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு 58 விழுக்காடு ஏறியிருந்ததைப் பிரித்தானியப் புலனாய்வாளர்கள் கண்டனர். எஞ்சினின் புகைக் குழாயிலிருந்து கசிந்த நச்சு விமானியையும் தாக்கியிருக்கக்கூடும் என்று 2020இல் அவர்கள் அறிக்கை அளித்தனர். ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி அந்த விமானத்தில் இல்லை. எங்கள் விமானத்திலும் இல்லை.

டாட்ஜ் சிட்டிக்கு வந்து விமானத்தைத் திறந்து பார்த்தவர் ஒரு பெண் மெக்கானிக். எழுபதை நெருங்கிய வயது, நரைத்த தலையைத் தொப்பிக்குள் செருகியிருப்பார், அதிகம் பேசமாட்டார். குறையைக் கண்டுபிடிக்க அவருக்குக் கால்மணி நேரம் போதுமானதாக இருந்தது. இவ்வகை விமானங்களில் உள்ளறையைச் சூடாக்கும் முறை எளியது. எஞ்சினின் சைலன்சரைச் சுற்றி ஒரு தகட்டு உறை. வெளிக்காற்று அந்த இடைவெளியில் புகுந்து, சைலன்சரின் சூட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே வருகிறது. சைலன்சர் முழுமையாக உள்ளவரை இடர் ஒன்றுமில்லை. சூட்டிலும் அதிர்விலும் நாட்பட்டு அதில் ஒரு கீறல் விழுந்தால், சூடான காற்றோடு புகையும் கைகோத்து வந்துவிடும். உறையைக் கழற்றியபோது, விரல் நீளத்தில் ஒரு மயிரிழைக் கீறலும் அதன் இருபுறமும் சாம்பல் நிறப் படிவும் காணப்பட்டன. இது யாருடைய குற்றமுமன்று, உலோகத்தின் முதுமை.

என் பங்கு எது என்பது மார்ச் மாதத்தில்தான் எனக்கு முழுவதும் விளங்கியது.

பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை விமானத்தை முழுவதும் சோதித்துச் சான்று தர வேண்டும். சோதனை தொடங்குமுன், தேவையான எல்லா மூடித்தகடுகளையும் எஞ்சின் உறையையும் திறந்தே ஆக வேண்டும் என்பது விதி. அதைச் செய்ய அந்த அம்மையார் கொட்டகைக்கு வந்தார். நான் உதவிக்கு வரலாமா என்று கேட்டேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு திருப்புளியைக் கையில் கொடுத்தார். இறக்கையின் அடியில் வரிசையாக மூடித்தகடுகள். வயிற்றில், வாலில், தரையில் மேலும் பல. கழற்றும் திருகுகளை இடம் மாறாமல் சிறு கிண்ணங்களில் போட்டு எழுதி வைத்தோம். வெளியிலிருந்த தகடுகள் இரண்டே நிமிடத்தில் கையோடு வந்தன. தரையிலிருந்த தகடுகள் வரவில்லை. திருகெல்லாம் நீக்கியும் அசையவில்லை. நான் அடைத்தவை அவை.

"யார் செய்தது?" என்று அவர் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உலோகக் கத்தி அலுமினியத்தைக் கீறிவிடும் என்பதால் பிளாஸ்டிக் சீவுளி ஒன்றை எடுத்து, அங்குலம் அங்குலமாக நெம்பினார். என்னையும் செய்யச் சொன்னார். அரைநாள் ஆயிற்று. வினாகிரி வாடை மீண்டும் எழுந்தது. அந்த வாடைக்குக் காரணமான அமிலம், பசை காயும்போது வெளிவந்து அலுமினியத்தை அரிக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். என் மெருகின் அடியில் நான்கே மாதத்தில் வெண்பொடி பூத்திருந்தது. கற்பூரம் சிதறியதுபோல் இருந்தது. மேலும், பெட்ரோல் பட்டால் இந்தப் பசை ஊதித் தளர்ந்துபோகும். இறக்கைக்குள்ளோ எரிபொருள் தொட்டி இருக்கிறது.

பிறகு அவர் வயிற்றின் அடியில் படுத்தார். ஒரு மரக் குச்சியால், நான் அடைத்த துளையொன்றைக் குத்தினார். தண்ணீர் கொட்டியது. அவர் சட்டைக் கை நனைந்தது. உருகிய பனியும் வியர்த்த ஈரமும் குளிர்காலம் முழுவதும் அங்கே தேங்கிக் கிடந்திருக்கின்றன. யாரும் மறந்துபோன துளையன்று அது. நீர் வடிவதற்கென்று வரைபடத்திலேயே வைத்த துளை.

அந்த இடத்தில் எனக்கு நேர்ந்த வெட்கத்தை எப்படிச் சொல்வேன்? அறியாதவன் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கொதிகலனில் 'வாஷ்-அவுட் பிளக்' என்று வரிசையாகத் தக்கைகள் உண்டு. உள்ளே படியும் உப்பையும் சேற்றையும் கழுவ, குறித்த நாளில் அவற்றைத் திறக்க வேண்டும். திறக்க முடியாதபடி யாராவது அவற்றை முறுக்கியிருந்தால் மிஸ்திரி என்ன பேசுவார் என்பது என் காதில் இன்னும் கேட்கிறது. எரிபெட்டியின் கூரையில் 'லெட் பிளக்' என்ற ஈயத் தக்கையும் உண்டு. நீர்மட்டம் குறைந்தால் அது உருகித் தானே ஓட்டையாகி, நீராவியை நெருப்பின் மேல் இறக்கி, ஆட்களை எச்சரிக்கும். கசிவதற்கென்றே ஒருவன் அறிந்து வைத்த பொருள்! அதை என் கையாலேயே எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன். கடல் கடந்ததும் அத்தனையும் எனக்கு மறந்துபோயிற்று.

நான் கேட்க அஞ்சிய கேள்வியை இறுதியில் கேட்டேன். "நான் அடைக்காமல் இருந்திருந்தால்?"

அவர் சற்று யோசித்தே பதில் சொன்னார். பறக்கும்போது கதவின் ஓரங்களில் காற்று உள்ளிருந்து வெளியே இழுக்கப்படுவதுண்டு. அந்தக் குறையை நிரப்ப, தரைக்கு அடியிலிருந்தும் எஞ்சின் பக்கத்திலிருந்தும் காற்று ஏறும். அதோடு புகையும் ஏறலாம். ஆகவே கதவுக்குப் புதிய பட்டை போட்டது நல்ல வேலை. ஆனால் மேலேயிருந்த காற்றுக் குழாய்களை அடைத்தது வேறு. கீறல் விழுந்த சைலன்சரின் புகையோடு நல்ல காற்று கலந்து நீர்த்துப்போக, அந்த வழி ஒன்றுதான் இருந்தது. "அளந்து பார்க்காமல் எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டியிருக்கும், குறைத்திருக்காது" என்றார். என்னைத் தேற்றுவதற்காக அவர் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

மறுநாள் அவர் எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவரைக் காட்டினார். எஞ்சின் பக்கம் தீப்பிடித்தால் அது உள்ளே வராமல் காக்கும் சுவர். இத்தகைய சுவருக்கான பொருள்கள் ஏறத்தாழ 1,100 பாகை செல்சியசு வெப்பத்தைப் பதினைந்து நிமிடம் தாங்க வேண்டுமென்பது அளவு. அதில், என்றோ பிடுங்கப்பட்ட ஒரு கம்பியின் துளை திறந்தே கிடந்தது. கருவிப் பலகைக்குப் பின்னே, என் கை எட்டாத இடம். விமானம் முழுவதிலும் கட்டாயம் அடைக்க வேண்டியிருந்த துளை அது ஒன்றுதான். நான் அடைக்காமல் விட்டதும் அது ஒன்றுதான்.

அதன்பின் வேலை இனிதாகவே நடந்தது. சொல்லப்போனால் என் முதுமையில் நான் கற்ற தொழில் அதுவே. சுவரின் துளைக்கு நெருப்பைத் தாங்கும் பசை. தரைத்தகடுகளுக்கு, ஒட்டுந்திறனைக் குறைத்தே செய்த ஒருவகைப் பசை. காற்றையும் நீரையும் அது தடுக்கும். அடுத்த ஆண்டு நெம்பினால் தகட்டை விட்டுக் கொடுக்கும். அப்படி ஒன்றை வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இடப்புற இறக்கையின் அடியில் இலேசான நீலக் கறை ஒன்றை அவர் கண்டார். இவ்விமானங்களின் பெட்ரோலுக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். கசிந்து உலர்ந்தால் சாயம் நின்று காட்டிக்கொடுக்கும். தொட்டியின் மிதவைக் கருவிக்குப் புதிய கேஸ்கெட் போட்டதும் கறை நின்றது.

இறக்கை இடுக்கில் என் சிலிக்கோனுக்குப் பதிலாக அவர் வைத்தது, இரண்டு பொருள்களைக் கலந்து செய்யும் கறுத்த களிம்பு. கலந்த இரண்டு மணி நேரத்திற்குள் பூசி முடிக்க வேண்டும். பள்ளி விட்டு வந்த பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அழுகிய முட்டையின் நாற்றம். அதற்கு ஒரு கதையுண்டு. 1926இல், அண்டை மாநிலமான மிசௌரியில், கான்சஸ் சிட்டி என்ற நகரில், இரு வேதியியலார் மலிவான உறைதடுப்பு நீர்மம் ஒன்றைச் செய்ய முயன்றனர். கிடைத்ததோ நாறும் பிசின். அது ஆய்வுக்கூடத் தொட்டியின் வடிகாலை அடைத்துக்கொண்டது. எந்தத் திரவம் ஊற்றியும் கரையவில்லை. எதிலும் கரையாத பொருள் என்றால் பெட்ரோலிலும் கரையாதல்லவா? விமான எரிபொருள் தொட்டிகளை அடைக்கும் களிம்பு அந்தக் குலத்திலிருந்தே பிறந்தது. கந்தகத்தையும் பசையையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'தையோகோல்' என்று அதற்குப் பெயரிட்டனர். அப்பெயரில் வளர்ந்த நிறுவனமே பின்னாளில் அமெரிக்க விண்ணோடத்திற்கு உந்து ராக்கெட்டுகளைச் செய்தது. 1986 ஜனவரி 28ஆம் நாள் காலைக் குளிரில் அந்த ராக்கெட்டின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் இறுகிப்போய், கசிவு ஏற்பட்டு, சேலஞ்சர் விண்ணோடத்தோடு ஏழு பேர் மாண்டனர். குளிரில் வளையம் பயன்படாது என்று பொறியாளர் சிலர் முந்தைய இரவே எச்சரித்திருந்தனர். இதையெல்லாம் அம்மையார் சொல்லவில்லை. நான் பின்னர் படித்தறிந்தேன். அவர் சொன்னதெல்லாம், "குளிரில் இது மெதுவாகத்தான் இறுகும், விளக்கை அருகில் வை" என்பதுதான்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சங்கடம் எஞ்சியிருந்தது. விமானத்தில் யார் எந்த வேலை செய்தாலும், தேதியிட்டு, விவரித்து, கையொப்பமிட்டு, அதற்குரிய குறிப்பேட்டில் எழுத வேண்டும். 1974 முதல் நின்ற ஊர்களும் மாறிய கைகளும் அதில் வரிசையாக இருந்தன. நவம்பர் மாதத்தில் நான் செய்த வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அம்மையார் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். நான் பேனாவை எடுத்தேன்.

"நீங்கள் எழுதக்கூடாது" என்றார். எனக்கு அந்நாட்டில் எந்தச் சான்றும் இல்லை. என் கையொப்பத்திற்கு அங்கே பொருளும் இல்லை.

மகன் என் கையிலிருந்து பேனாவை வாங்கினான். நின்றவாறே எழுதினான். கதவுப் பட்டைகள், தரைத்தகடுகள், காற்றுக் குழாய்கள், வடிதுளைகள் ஆகியவை தகாத பொருளால் அடைக்கப்பட்டன என்றும், அனைத்தும் அகற்றிச் சீர்செய்யப்பட்டன என்றும் எழுதி, தன் பெயரையும் விமானி உரிம எண்ணையும் அடியில் இட்டான். செய்தவர் என்ற இடத்தில் அவன் பெயர்தான் இருக்கிறது. "உன்னை மாட்டிவிட்டேனே" என்றேன். "சாவியைக் கொடுத்தவன் நான்தானே அப்பா" என்றான். அவன் சிறுவனாக இருந்தபோது, பள்ளித் தேர்வு அட்டையில் நான் கையொப்பமிடும்வரை தலை குனிந்து நிற்பான். அது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம், ஏப்ரலில், மூவரும் மீண்டும் ஒருமுறை பறந்தோம். மருமகள் முதலில் ஒப்பவில்லை. புதிதாக வாங்கிய எச்சரிக்கைக் கருவியை அவளே கையில் வாங்கிச் சோதித்து, அது கத்துவதைக் காதால் கேட்ட பிறகே பிள்ளையை அனுப்பினாள். கருவிப் பலகையில் அது சுழியம் என்று காட்டிக்கொண்டிருந்தது. பேத்தி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவானில் அவள் முன்னே எக்கி, மேல் மூலையிலிருந்த காற்றுக் குழாயைப் பிடித்து இழுத்தாள். சீழ்க்கையோடு குளிர்காற்று நேராக என் முகத்தில் அடித்தது.

"குளிருகிறதா தாத்தா?"

"இல்லை அம்மா. அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.